தொழிலாளியின் தூக்கம் யார் கணக்கில்?

முதுமையில் ஞாபகசக்தி குன்றாமல் இருக்க வேண்டுமானால் இரவில் நன்றாகத் தூங்குங்கள் என்று வைத்தியர்கள் இப்போது அடிக்கடி சொல்லி வருகிறார்கள். நல்ல புத்திமதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடுச்சாமம் கழிந்ததும் எழுந்து உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவைத்துவிட்டு, இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக் களத்துக்கு ஓடுகிற ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஜாகா வேலை பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கண் செருகி வீடு திரும்பும் ஆளிடம் சொல்லிப் பாருங்கள். “தூங்கமாட்டோம் என்று நாங்களா அடம் பிடிக்கிறோம்?” என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைச் சங்கத்தின் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். தூக்கம் அவரவர் சொந்தப் பழக்கம், அதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள் நம்மிலே பலர் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. கூலி எப்படியோ, குடியிருக்கும் வீடு எப்படியோ, அப்படியே தூக்கமும் வேலை நிபந்தனைகளில் சேர்ந்தது. அதை நாம் இதுவரை பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டு போகவில்லை என்பதுதான் குறை.

முதலில் வைத்தியர்கள் எதை வைத்துப் பேசுகிறார்கள் என்று பார்ப்போம். லண்டனில் 1985-ஆம் ஆண்டு அரசாங்க உத்தியோகஸ்தர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ‘வைட்ஹால்’ ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர். தலைமை அதிகாரி முதல் கடைநிலைக் கிராணி வரை எல்லோரும் அதில் உண்டு. (கிராணிமாரையும் ஒரு பொருட்டாக எண்ணி ஆராய்ந்திருக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.) அவர்களில் 7,959 பேருடைய தூக்கக் கணக்கை ஏறத்தாழ 25 வருஷங்கள் தொடர்ந்து பார்த்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். அதற்குள் 521 பேருக்கு மறதி வியாதி வந்திருந்தது. ஐம்பது, அறுபது, எழுபது ஆகிய மூன்று வயதிலும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைக் காட்டிலும் அந்த வியாதி நூற்றுக்கு முப்பது பங்கு அதிகமாக வந்தது.

நூறு பேரில் முப்பது பேருக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏழு மணி நேரம் தூங்கிய கூட்டத்தில் பத்துப் பேருக்கு வந்தால், குறைவாகத் தூங்கிய அதே அளவுக் கூட்டத்தில் பதின்மூன்று பேருக்கு வருகிறது. அவ்வளவுதான். பயந்து படுத்தால் வருகிற தூக்கமும் போய்விடும்!

இதிலே ஒரு சந்தேகம் எழும். மறதி வியாதி வெளியே தெரிவதற்குப் பத்திருபது ஆண்டுகளுக்கு முன்பே மூளைக்குள் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் தூக்கக் குறைவால் வியாதி வந்ததா, வியாதியால் தூக்கம் குறைந்ததா? நியாயமான கேள்வி. ஐம்பது வயதிலிருந்தே கணக்கெடுத்ததால்தான் இந்த ஆராய்ச்சிக்கு மதிப்பு. ஆனாலும் வழக்கு முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தூங்கும்போது மூளையிலுள்ள கழிவை ஒருவகை நீர் கழுவிக்கொண்டு போகிறது என்று 2013-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளை வைத்துச் சொன்னார்கள். 2024-இல் லண்டன் விஞ்ஞானிகள், அவர்களும் எலிகளை வைத்தே, அப்படியில்லை, தூக்கத்தில் கழுவுவது குறைகிறது என்றார்கள். அதே 2024-இல் ‘லான்செட்’ என்ற வைத்தியப் பத்திரிகையின் நிபுணர் குழு மறதி வியாதிக்கு நாம் தடுக்கக்கூடிய காரணங்கள் பதினான்கைப் பட்டியல் போட்டது. அதில் தூக்கத்தைச் சேர்க்கவில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு “தூக்கமே மருந்து” என்று முழங்க எனக்கு விருப்பமில்லை. நாளைக்கு நிர்வாகத்தின் முன்னால் உட்காரும்போது அரைகுறை வாதத்தோடு போனால் அவர்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஆனால் நடுவயதில் ஆண்டுக்கணக்கில் தூக்கம் குறைந்தவருக்குப் பின்னாளில் ஆபத்துக் கூடுகிறது என்ற அளவுக்கு ஆதாரம் இருக்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவை அந்தப் பதினான்கிலே இருப்பவை. தூக்கக் குறைவு அவற்றையும் கூட்டிவிடுகிறது.

நம் நாட்டு நிலைமையையும் பாருங்கள். 2018-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு எட்டரைப் பேருக்கு மறதி வியாதியின் அடையாளம் காணப்பட்டது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடத்திலும் கிராமப்புறத்திலும் அது கூடுதல். பள்ளிக்கூடம் போகாதவர்கள், கிராமப்புறம் என்றால் அதில் தோட்டத்துக் கிழவன் கிழவிகள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். ரப்பர் மரத்தை ஏன் இருட்டோடு வெட்டுகிறோம்? இரவு முழுவதும் மரம் வேர்வழி நீரை இழுத்துப் பட்டைக்குள் விம்மி நிற்கிறது. விடியுமுன் அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது உளியை வைத்தால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைவழியே நீர் போய்விடும், பால் சுருங்கும். ஆகவே மரம் ஓய்ந்து எழுந்த நேரம் பார்த்து மனிதன் ஓயாமல் எழ வேண்டியிருக்கிறது. அதுமட்டுமா? ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்ட வேண்டும், மிஞ்சி வெட்டினால் பட்டை காய்ந்து பால் வற்றிவிடும் என்று மரத்துக்கு ஓய்வு நாள் குறித்துக் கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கை எழுதுகிறவன் நான்தான். எந்த நிரை எந்த நாளில் ஓய்வு என்பது என் புத்தகத்தில் இருக்கிறது. அந்த நிரையை வெட்டுகிறவர் நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் கட்டம் கிடையாது.

இன்னொரு சங்கதியை இளைஞர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்கள். சபா, சரவாக்குடன் நாடு முழுவதும் ஒரே நேரமாக இருக்கட்டும் என்பது நோக்கம். வங்கிக்கும் வியாபாரத்துக்கும் அது சௌகரியம், ஆட்சேபிக்கவில்லை. ஆனால் சூரியன் இடம் மாறவில்லையே! செபராங் பிறையிலுள்ள நமக்கு இப்போது கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. கடிகாரத்தில் நான்கு என்றால் சூரியக் கணக்கில் மூன்றுகூட ஆகவில்லை. மனித உடம்பு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தூங்குவதில்லை. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தூங்குகிறது. ஏழு மணிக்கு மேல்தான் இங்கே சூரியன் தலை காட்டுகிறான். நான்கு மணிக்கு எழுகிறவர் தன் உடம்பின் நடு இரவில் எழுகிறார்.

“அப்படியானால் எட்டு மணிக்கே படுத்துக்கொள்ளட்டுமே” என்று சிலர் சொல்வார்கள். வெயிலில் காய்ந்த துத்தநாகக் கூரை எட்டு மணிக்கு ஆறிவிடுகிறதா? பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடும்போது இந்தப் பக்கம் கண் மூடுமா? சரி, ஆண்கள் எப்படியோ படுத்துவிடுகிறார்கள். பெண்கள்? பாத்திரம் கழுவி, பள்ளிச் சட்டை தேய்த்து, கடைசிப் பிள்ளை தூங்கி, அதற்கப்புறம் படுத்தால் பத்தரை. மறுபடி மூன்றரைக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். ஐந்து மணி நேரம். இதை ஒருநாள் இரண்டுநாள் அல்ல, முப்பது நாற்பது வருஷம் செய்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் முதலாளியைக் கண்டித்து மேசையைக் குத்திப் பேசும் சகோதரர்கள், காலையில் அந்த உலையைத் தாங்கள் வைத்தால் வீட்டுக்காரிக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடும் என்பதை நினைத்துப் பார்த்ததுண்டா? இதற்குப் பேச்சுவார்த்தையும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம்.

தூக்கத்தைக் காப்பாற்ற நம் நாட்டில் ஒரு சட்டமே இருந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு: தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ பெண் தொழிலாளியை இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை வேலை வாங்கக்கூடாது, தொடர்ந்து பதினொரு மணி நேரம் ஓய்வு கொடுக்காமல் அன்றைய வேலையைத் தொடங்கச் சொல்லவும் கூடாது. தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் அனுமதித்தால் விலக்கு உண்டு. அந்த விலக்கின் வழியாகத்தான் பெண்களும் இரவு ஷிப்டுக்குப் போனார்கள். இருந்தாலும் சட்டத்தில் அந்த வாசகம் இருந்தது. 1982-இல் கடிகாரம் தள்ளப்பட்டபோது அந்த ‘ஐந்து மணி’யும் சூரியக் கணக்கில் அரைமணி முந்திப் போனது வேறு கதை. மேலும், அந்தச் சட்டம் பெண்ணைத் துரையிடமிருந்து காப்பாற்றியது, அடுப்பிடமிருந்து காப்பாற்றவில்லை.

2023 ஜனவரி முதல் தேதி அந்த 34-ஆம் பிரிவை எடுத்துவிட்டார்கள். பெண்ணுக்கு ஒரு சட்டம், ஆணுக்கு ஒரு சட்டம் என்ற பாகுபாடு கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். இரவு வேலைக்குப் போக விரும்பும் பெண்ணைச் சட்டம் தடுக்கக்கூடாது என்பதில் எனக்கும் சம்மதம். அதே திருத்தத்தில் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள், அதையும் வரவேற்கிறேன். ஆனால் சமத்துவம் என்றால் என்ன? பெண்ணுக்கு இருந்த பதினொரு மணி நேர ஓய்வை ஆணுக்கும் கொடுத்திருந்தால் அது சமத்துவம். இருவருக்கும் இல்லாமல் செய்தது எந்தக் கணக்கு? ஐரோப்பிய நாடுகளில் 1993 முதல் ஆண் பெண் இருபாலாருக்கும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பதினொரு மணி நேரத் தொடர் ஓய்வு என்று பொது விதி வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் ஏற்கனவே இருந்த அதே பதினொன்று! மற்றவன் எடுத்து வைத்துக்கொண்டதை நாம் கைநழுவ விட்டோம்.

இது பால்வெட்டுத் தொழிலாளியின் பிரச்னை மட்டுமல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? 1970-களில் எழத் தொடங்கிய செபராங் ஜெயாவிலும் அதைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். பக்கத்திலே பிறைத் தொழிற்பேட்டை. ஒரு வாரம் காலை ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. தகப்பன் பெரட்டுக்காக எழுந்தார். மகன் அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நிற்கிறான். பிரான்ஸ் நாட்டில் 3,232 தொழிலாளர்களை 1996, 2001, 2006 என்று மூன்றுமுறை பரிசோதித்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் மாறிமாறி ஷிப்டு செய்தவர்களின் ஞாபகமும் சிந்தனை வேகமும், அவர்கள் உண்மை வயதைவிட ஆறரை வயது கூடியவர்களைப்போல் இருந்தன. ஷிப்டை விட்ட பிறகு தேறுகிறது. ஆனால் தேறக் குறைந்தது ஐந்து வருஷம் ஆகிறது என்றும் கண்டார்கள். தேறுகிறது என்பதுதான் இதில் நல்ல செய்தி. ஐம்பது வயதில் ஒருவரை இரவு ஷிப்டிலிருந்து பகலுக்கு மாற்றக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

“பதினொரு மணி நேரம் ஓய்வு என்றால் ஓவர்டைம் போய்விடுமே, ஐயா” என்று ஒரு ஜாகாக்காரத் தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. நான்கு பேர் உள்ள குடும்பம் அதில் ஓடாது. ஆகவே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். 1980-ஆம் ஆண்டு விதியின்படி மாதத்துக்கு 104 மணி நேரம் ஓவர்டைம் செய்யலாம். 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளைக்கு நான்கு மணி. எட்டும் நான்கும் பன்னிரண்டு. பன்னிரண்டுடன் பதினொன்றைக் கூட்டினால் இருபத்துமூன்று. இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமிருக்கிறது! ஆக நாம் கேட்கும் ஓய்வு எவருடைய ஓவர்டைமையும் பறிக்காது. “மாற்று ஆள் வரவில்லை, மூன்று மணிக்கு மறுபடி வா” என்று காலையில் வீட்டுக்குப் போனவரைக் கூப்பிடுகிறார்களே, அதைத்தான் தடுக்கும். ஓவர்டைம் இல்லாமலே வாழத்தக்க சம்பளம் வேண்டும் என்பது பெரிய போராட்டம். அது முடியட்டும் என்று தூக்கத்தை அதுவரை அடகு வைக்க முடியாது.

வீட்டிலுள்ள முதியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்து பல வருஷமாகிறது. இன்றைக்கும் நான்கு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார். “அப்பாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது” என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். எட்டு மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுகிற மனிதருக்கு என்ன கெட்டது? எட்டு மணி நேரத் தூக்கம்! வயதானால் உடம்பின் கடிகாரம் தானாகவே முந்தும். அதிலும் நாற்பது வருஷம் பெரட்டுக்கு எழுந்த உடம்பு. அது வியாதியல்ல. ஆனால் நான்கு மணிக்கு எழுந்து உளியையும் வாளியையும் தேடி, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் தட்டினால், வீட்டு வழி மறந்தால், பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் நடந்தால், அப்போது ‘ஞாஞோக்’ என்று சிரித்துவிட்டுப் போகாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அதட்டுவதால் ஞாபகம் திரும்பாது. முன்பு ஏழு மணி நேரம் தூங்கியவர் திடீரென்று ஒன்பது பத்து மணி நேரம் தூங்கத் தொடங்கினாலும் வைத்தியரிடம் சொல்லவேண்டிய அடையாளமே.

குறட்டையைப் பற்றியும் நாம் சிரிக்கிறோம். குறட்டை நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறிக்கொண்டு எழுந்தால் அது சிகிச்சை செய்யக்கூடிய வியாதி. பக்கத்தில் படுப்பவர்தான் அதைப் பார்த்துச் சொல்ல முடியும். சம்சுவோ பீரோ குடித்தால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. சீக்கிரம் கண்ணைச் சொருகும், பிறகு நடு இரவில் எழுப்பிவிடும். மதுவும் அந்தப் பதினான்கில் ஒன்று. பக்கத்து வீட்டாரின் தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் விட வேண்டும். முதியவர்கள் அதனால் தடுமாறி விழுகிறார்கள்.

கிராணிமாரும் தப்பவில்லை. மாதக் கடைசியில் செக்ரோலைக் கூட்டிப் பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்து, ஐந்து மணிக்குப் பெரட்டில் பேர் கூப்பிடுகிறோம். நாங்களும் இந்தக் கோரிக்கையில் அடக்கம்.

சட்டத் திருத்தத்துக்கு நாளாகும். அதுவரை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் மூன்று விஷயங்களை வைக்கவேண்டும் என்பது என் யோசனை. வேலை முடிந்து மறு வேலை தொடங்குமுன் பதினொரு மணி நேர ஓய்வு, ஆண் பெண் எல்லோருக்கும். ஐம்பது தாண்டியவர் விரும்பினால் இரவு ஷிப்டிலிருந்து விடுதலை. காலையில் தாய்மார் சமைத்துக் கட்டாமல் போகும்படி ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பசியாற ஏற்பாடு. மூன்றாவதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பெண்களின் தூக்கத்துக்கு முதல் இரண்டையும்விட அதுதான் அதிகம் பிரயோசனப்படும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2023 திருத்தத்தில் 60-பி என்ற புதிய பிரிவு வந்தது. கூட்டு ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோது, எந்தத் தொழிலாளியும் தம் வேலை நேரத்தை மாற்றிக் கொடுக்கும்படி எழுத்து மூலம் மனுச் செய்யலாம். முதலாளி அறுபது நாளுக்குள் எழுத்திலேயே பதில் தரவேண்டும்; மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். வாய்ப்பேச்சில் கேட்டால் இது பலிக்காது. மனுவை மலாயில் எழுதத் தெரியாதவர்கள் உங்கள் தோட்டத்துச் சங்கச் செயலாளரிடமோ கிராணியிடமோ போங்கள். எழுந்து வரும் நேரம், படுக்கும் நேரம், வயது, இப்போதைய ஷிப்டு ஆகிய நான்கையும் சொல்லுங்கள். ஒரு பிரதியில் தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறுபது நாள் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.